முதல் பக்கம் எங்கே போச்சு?

(அறிவியல் பகுதி)



போன மாதம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் என்னிடம் வந்தார்கள். "அக்கா, நம்ம ஊர்க் கிணறுங்களைப் பத்தி ஒரு அக்கா சுவர் இதழ்ல எழுதியிருந்தாங்களாமே, அந்தத் தாள் வேணும். எங்க டீச்சர் கேட்டாங்க" என்றார்கள். எனக்குப் பேச்சே வரவில்லை. அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இதே பலகையில்தான் இருந்தது. போன வருஷம் ஜூன் மாதம் அதன் மேல் மைதாப் பசையைத் தடவி, புதுத் தாளை அழுத்தி ஒட்டினது நான்தான். அப்போது எனக்கு சுவர் இதழ்ப் பொறுப்பு கொடுத்த புதுசு. பழசாக இருக்கிறதே, பார்க்க நன்றாக இல்லையே என்றுதான் செய்தேன்.

அந்த அக்கா ஒவ்வொரு தெருவாகப் போய், பாட்டிகளிடம் கேட்டு, பதினொரு கிணற்றுக்குப் பெயர், எத்தனை முழம் கயிறு, எந்த வருஷம் தூர்த்தார்கள் என்று எல்லாம் எழுதியிருந்தார்கள். சொன்ன பாட்டிகளில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை.

அறிவியல் டீச்சரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். டீச்சர் திட்டவில்லை. "நீ மட்டும்தான் இப்படின்னு நினைக்காதே. உலகத்துக்கே முதல் இணையதளத்தை உண்டாக்கின ஆய்வுக்கூடமே அதோட முதல் பக்கத்தை இப்படித்தான் தொலைச்சுது. அதைப் பத்திப் படிச்சு சுவர் இதழ்ல எழுது" என்றார்கள். ஹைடெக் லேப்பில் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து படித்து, நோட்டில் குறித்துக்கொண்டு, இதை எழுதுகிறேன்.

ஆளுக்கு இரண்டு வருஷம்

சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் இரண்டு நாட்டு எல்லையில், ஜெனீவா நகரத்துக்குப் பக்கத்தில் செர்ன் என்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1954-ல் தொடங்கியது. அணுவுக்குள்ளே இருக்கும் துகள்களை வேகமாக ஓடவிட்டு மோத வைத்து, என்ன ஆகிறது என்று பார்ப்பார்கள். அதற்காகப் பூமிக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் வட்டமாக ஒரு சுரங்கம் தோண்டியிருக்கிறார்கள். (அந்த ஆய்வுக்கூட வளாகத்தில் ஒரு பெரிய நடராசர் சிலை இருக்கிறது. 2004-ல் இந்தியா பரிசாகக் கொடுத்தது. படத்தில் பார்த்தபோது எங்கள் பெஞ்சு முழுக்கக் கை தட்டினோம்.)

அங்கே விஞ்ஞானிகள் பல நாட்டிலிருந்து வருவார்கள். பெரும்பாலும் ஒரு இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். அதுதான் பெரிய தலைவலி. ஒரு கருவியைச் செய்தவர் ஊருக்குப் போய்விட்டால், அதை ஏன் அப்படிச் செய்தார், எதோடு எதை இணைத்தார் என்று யாருக்கும் தெரியாது. எங்கேயோ ஒரு காகிதத்தில் எழுதித்தான் வைத்திருப்பார். ஆனால் எந்தக் காகிதம், எந்த அலமாரி? கணினியிலும் இருக்கும். ஆனால் ஆளுக்கு ஒரு வகைக் கணினி. ஒன்றில் இருப்பதை இன்னொன்றில் திறக்க முடியாது.

அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் 1989 மார்ச் மாதம் ஒரு திட்டம் எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தார். எல்லாத் தகவலையும் சிலந்தி வலை மாதிரி ஒன்றோடு ஒன்று கோத்துவிடலாம், ஒரு சொல்லைத் தொட்டால் அது சம்பந்தமான அடுத்த பக்கம் வரவேண்டும் என்பது அந்தத் திட்டம். மேலதிகாரி மைக் செண்டால் அந்தத் தாளின் மேலே, தெளிவாக இல்லை, ஆனாலும் ஆர்வமாக இருக்கிறது என்ற அர்த்தத்தில் கையால் எழுதி வைத்தார். கட்டுரை நோட்டில் நம் தமிழ் ஐயா எழுதுவாரே, அந்த மாதிரி!

1990-ல் நெக்ஸ்ட் என்ற கம்பெனியின் கறுப்புக் கணினி ஒன்று அவருக்குக் கிடைத்தது. பெல்ஜியம் நாட்டுக்காரரான ராபர்ட் கயோ என்பவரும் கூடச் சேர்ந்து உழைத்தார். அந்த வருஷக் கடைசிக்குள் உலகின் முதல் இணையதளம் அந்த ஒரே கணினியில் ஓடியது. அதை அணைத்தால் உலகத்து இணையதளம் மொத்தமும் நின்றுவிடும். அதனால் இது சர்வர், அணைக்கக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதி அதன் மேலேயே ஒட்டி வைத்தார்கள்.

சர்வர் என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. நம் ஊர் நூலகரை நினைத்துக்கொள்ளுங்கள். "அந்தப் புத்தகம் கொடுங்க" என்று நாம் கேட்டால் எடுத்துக் கொடுப்பார். சர்வரும் அப்படித்தான். நாம் கேட்கும் பெயருள்ள கோப்பைத் தன் அலமாரியிலிருந்து எடுத்து, கம்பி வழியாக நம் கணினிக்கு ஒரு நகல் அனுப்பும். அந்தக் கோப்பு எச்.டி.எம்.எல். என்ற முறையில் எழுதியிருக்கும். எது தலைப்பு, எது பத்தி, எந்தச் சொல்லைத் தொட்டால் எங்கே போகும் என்று குறி போட்டிருப்பார்கள். அவ்வளவுதான்.

அந்த முதல் தளத்தில் என்ன இருந்தது தெரியுமா? படம் கிடையாது, கலர் கிடையாது. இந்தத் திட்டம் என்ன, எப்படிச் சேருவது, யார் யார் வேலை செய்கிறார்கள் என்று வெறும் எழுத்து.

டெலிபோன் புத்தகம்

நல்ல யோசனைதான், ஆனால் செர்ன் ஆட்களே முதலில் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர்களை இழுத்தது எது என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. டெலிபோன் டைரக்டரி! அவ்வளவு பெரிய ஆய்வுக்கூடத்தில் யார் எந்த அறை, என்ன எண் என்று தேடுவது தினமும் எல்லாருக்கும் வேண்டிய விஷயம். அது ஒரு பெரிய பழைய கணினிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அதை இந்த வலைக்குள் கொண்டுவந்தார்கள்.

இதில் ஒரு மாணவிக்குப் பங்கு இருக்கிறது. நிக்கோலா பெல்லோ என்று பெயர். இங்கிலாந்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தபோது பயிற்சிக்காக செர்னுக்கு வந்தார். டிம் செய்த மென்பொருள் அந்தக் கறுப்புக் கணினியில் மட்டும்தான் ஓடும். எந்தச் சாதாரணக் கணினியிலும் பக்கத்தைப் படிக்கிற மாதிரி ஒரு எளிய மென்பொருளை இவர் எழுதினார். அதற்கு மவுஸ்கூட வேண்டாம். ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும், அந்த எண்ணைத் தட்டினால் அந்தப் பக்கம் வரும். படித்து முடிக்கும் முன்பே இவ்வளவு செய்திருக்கிறார். பாடப்புத்தகத்தில் இவர் பெயரை நான் பார்த்ததில்லை, அதனால் இங்கே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

நிக்கோலா பெல்லோ

டெலிபோன் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். ஒருத்தர் அறை மாறிவிட்டால் பழைய எண் தப்பு. தப்பான எண் இருக்கிற புத்தகத்தால் பிரயோஜனம் இல்லை. அதனால் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆய்வுக்கூட இணையதளம் எல்லாமே இப்படித்தான். யார் புதுசாகச் சேர்ந்தார், எந்தக் கட்டுரை வெளியானது, எந்தக் கருவி ரிப்பேரில் இருக்கிறது, அடுத்த கூட்டம் எப்போது என்று மாறிக்கொண்டே இருக்கும்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. புதுப்பிக்கிறவர் என்ன செய்கிறார்? கோப்பைத் திறக்கிறார், பழைய வரியை அழிக்கிறார், புது வரியை எழுதுகிறார், அதே பெயரில் சேமிக்கிறார். அந்த நொடியே பழசு போச்சு! காகிதத்தில் என்றால் அடித்து எழுதின இடம் தெரியும், நம் பலகையில் பசைக்கு அடியில் தாளாவது இருக்கும். கணினியில் அடையாளமே இருக்காது.

செர்னிலும் இதேதான் நடந்தது. திட்டம் வளர வளர அந்த முதல் பக்கத்தை தினமும் மாற்றினார்கள். வேலை செய்யணும், அதனால் மாற்றினார்கள். யாரும் படம் எடுத்து வைக்கவில்லை, முந்தின நாள் நகலைத் தேதி போட்டு வைக்கவில்லை. பிறகு வேறு பெரிய சர்வர்கள் வந்தன, அந்த முதல் முகவரியைத் தட்டினால் பழைய பக்கம் வராது என்று ஆகிவிட்டது. இத்தனைக்கும் தகவல் தொலைந்துபோகிறதே என்று கவலைப்பட்டு உண்டாக்கின வலை இது!

அலமாரியில் வைத்த ஆய்வுக்கூடம்

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் ஸ்லாக் என்று இன்னோர் ஆய்வுக்கூடம். அங்கேயும் துகள் ஆராய்ச்சிதான். அங்கிருந்த பால் குன்ஸ் என்ற விஞ்ஞானி 1991 செப்டம்பரில் செர்னுக்குப் போய் டிம்மைப் பார்த்துவிட்டு வந்து, தங்கள் நூலகர் லூயிஸ் ஆடிஸ் அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மா உடனே பிடித்துக்கொண்டார். தங்கள் நூலகத்தின் ஆராய்ச்சிக் கட்டுரைப் பட்டியலை உலகம் முழுக்க இருந்து தேடிப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை என்று அவருக்குத் தோன்றியது. 1991 டிசம்பர் 12-ல் அமெரிக்காவின் முதல் இணைய சர்வர் அங்கே ஓடத் தொடங்கியது.

அங்கே பழைய ஆவணங்களைக் காக்கும் பிரிவு பழைய பக்கக் கோப்புகளை விட்டுவிடாமல் வைத்திருந்தது. 2014-ல் ஸ்டான்ஃபோர்டு நூலகத்தார் அந்தக் கோப்புகளை மறுபடியும் எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்தார்கள். இரண்டுமே பெரிய ஆய்வுக்கூடம், இரண்டிலுமே கெட்டிக்காரர்கள். நூலகத்துக்காரர்கள் கை பட்ட தளம் தப்பித்தது என்பது என் கணிப்பு. நூலகத்துக்காரர்களுக்குப் பழசைத் தூக்கிப்போட மனசு வராது. நம் பள்ளி நூலக டீச்சரைப் பார்த்தாலே தெரியும்.

404

ஓர் இணைப்பைத் தட்டினால் சில நேரம் 404 என்று ஓர் எண் வந்து நிற்கும். செர்னில் 404-ஆம் அறையில்தான் முதல் சர்வர் இருந்தது, அதனால்தான் இந்த எண் என்று ஒரு கதை சொல்வார்கள். அது உண்மையில்லை என்று ராபர்ட் கயோவே சொல்லிவிட்டார். 4-ல் தொடங்கினால் கேட்ட பக்கம் கோளாறு, 5-ல் தொடங்கினால் சர்வர் பக்கம் கோளாறு என்று வகை பிரித்திருக்கிறார்கள். 404 என்றால், நீ கேட்ட பெயரில் இங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். நான் பார்த்தவரை பாதி நேரம் நாம் கேட்டது சரிதான், அவர்கள்தான் கோப்பின் பெயரை மாற்றியிருப்பார்கள். அப்புறம் ஏன் கேட்டவர் கணக்கில் எழுதுகிறார்கள் என்று தெரியவில்லை!

தளத்தைப் புதுசாக அழகுபடுத்தும்போதுதான் இது அதிகமாக நடக்கும். பெயர் மாறும், கோப்புகளை வேறு இடத்தில் அடுக்குவார்கள். ஆனால் அந்தப் பழைய முகவரியை எங்கோ ஒரு மாணவர் தன் ஆராய்ச்சிக் கட்டுரையில் அச்சடித்து வைத்திருப்பார். அச்சடித்ததை மாற்ற முடியுமா? டிம் பெர்னர்ஸ்-லீ 1998-ல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். நல்ல முகவரி என்றால் மாறக் கூடாது, மாறுகிறது என்றால் காரணம் தொழில்நுட்பம் இல்லை, மனுஷர்கள்தான் என்பது அவர் வாதம்.

ப்யூ ஆய்வு மையம் 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 100-க்கு 38, பத்து வருஷம் கழித்துத் தட்டினால் கிடைக்கவில்லை. நம் வகுப்பில் 40 பேர். அதில் 15 பேரைக் காணோம் என்றால் எப்படி இருக்கும்!

சின்ன ஆய்வுக்கூடங்களில் இணையதளத்தைக் கவனிக்கத் தனி ஆள் இருக்க மாட்டார். ஆராய்ச்சி மாணவர் யாராவது ஒருத்தர் தலையில் கட்டிவிடுவார்கள். (எனக்கு சுவர் இதழ் வந்த மாதிரி.) அவர் பட்டம் வாங்கிக்கொண்டு போகும்போது கடவுச்சொல்லையும் நினைவிலேயே கொண்டுபோய்விடுவார். பெயருக்கு வருஷா வருஷம் சந்தா கட்ட வேண்டும், அதைக் கட்ட மறந்தால் பெயரே வேறு யாருக்காவது போய்விடும். அந்தப் பெயரில் வேண்டாத விளம்பரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். மென்பொருளைப் புதுப்பிக்காமல் விட்டால் கெட்டவர்கள் உள்ளே நுழைவார்கள். இதெல்லாம் பெரிய படிப்பு வேண்டிய வேலை இல்லை. ஆனால் யாராவது ஒருத்தர் மறக்காமல் செய்ய வேண்டிய வேலை. மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற மாதிரி.

மாற்றவும் வேண்டும், பழசும் இருக்க வேண்டும் என்றால் முடியுமா? முடியும். ஆர்க்கைவ் என்று ஒரு தளம். பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் 1991 ஆகஸ்டில், அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் தொடங்கினார். விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரையை அதில் போடுவார்கள். தப்பு கண்டுபிடித்தால் திருத்தி மறுபடி போடலாம், ஆனால் முதலில் போட்டது அழியாது. முதல் வடிவம், இரண்டாம் வடிவம் என்று எண்ணும் தேதியும் போட்டு எல்லாமே அங்கே இருக்கும். நம் கணக்கு நோட்டில் தப்பை ரப்பர் போட்டு அழிக்காதே, ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் எழுது என்று சார் சொல்வார் அல்லவா, அதேதான்.

நம்ம தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம். அங்கே 1904-ல் இருந்து சூரியனைப் படம் எடுத்து, கண்ணாடித் தட்டுகளிலும் ஃபிலிமிலும் சேர்த்து வைத்திருந்தார்கள். பிறகு அவற்றைக் கணினியில் ஏற்றி, இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இணையதளத்தில் வைத்தது. இன்றைய படம் வந்துவிட்டதே, நேற்றையது எதற்கு என்று தூக்கிப்போட்டிருந்தால், நூறு வருஷத்தில் சூரியப் புள்ளிகள் எப்படிக் கூடிக் குறைந்தன என்று இன்றைக்குப் பார்க்க முடியுமா?

தேடினார்கள்

1993 ஏப்ரல் 30-ல் செர்ன் இந்த வலை மென்பொருளை யார் வேண்டுமானாலும் காசு இல்லாமல் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அதனால்தான் அது உலகம் முழுக்கப் பரவியது. சரியாக 20 வருஷம் கழித்து, 2013 ஏப்ரல் 30 அன்று, முதல் இணையதளத்தை அதன் பழைய முகவரியிலேயே மறுபடி வைக்கும் வேலையைத் தொடங்கினார்கள். கைக்குக் கிடைத்த பழைய நகல் 1992-ஆம் வருஷத்துடையது. அதற்கும் முந்தினது யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். அமெரிக்காவில் நார்த் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பால் ஜோன்ஸ் என்ற பேராசிரியரிடம் ஒன்று இருந்தது! 1991-ல் டிம் அங்கே போயிருந்தபோது கொடுத்த நகல். அவர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். அதற்கும் முன்பு, முதன்முதலில் இருந்த பக்கத்தை நம்மால் இன்னும் பார்க்க முடியாது.

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு உலகத்து வலைப்பக்கங்களை நகல் எடுத்துத் தேதிவாரியாகச் சேர்த்து வைக்கிறது. ஆனால் அது தொடங்கினதே 1996-ல்தான். அதற்குள் செர்னின் முதல் பக்கம் போயே போச்சு.

இனி நம் பலகைக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை மதியம் நானும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் ஈரத்துணியை வைத்து வைத்து ஊற விட்டு, மேல் தாளை மெதுவாகப் பிரித்தோம். கிழியாமல் வந்தது பாதிதான். மையெல்லாம் பரவியிருக்கிறது. புளியமரத்துக் கிணறு, ஏத்தக் கிணறு, கோயில் கிணறு, பள்ளத்துக் கிணறு என்று நாலு பெயர் படிக்க முடிகிறது. கோயில் கிணற்றுக்கு மட்டும் 38 முழம் என்று தெரிகிறது, அந்த 8 ஒருவேளை 3 ஆகவும் இருக்கலாம். படித்ததை அப்படியே ஒரு நோட்டில் எழுதி, பிரித்த தேதியும் போட்டு, நூலக டீச்சரிடம் கொடுத்திருக்கிறேன். அந்த அக்கா இப்போது வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். பொங்கலுக்கு வருவார்கள் என்று அவர்கள் அம்மா சொன்னார்கள்.

இந்தத் தாளை நான் பசை போட்டு ஒட்டவில்லை. நாலு மூலையிலும் குண்டூசிதான் குத்தியிருக்கிறேன். தயவுசெய்து யாரும் ஊசியை உருவாதீர்கள்.

இன்னும் ஏழு கிணறு பாக்கி. அந்தக் கிணற்றுத் தாள் ஒட்டியிருந்தபோது உங்களில் யாராவது நோட்டில் பார்த்து எழுதியிருந்தாலோ, உங்கள் அக்கா அண்ணன் யாராவது போனில் படம் எடுத்திருந்தாலோ, ஒரே ஒரு வரியாக இருந்தாலும் சரி, 9-ஆம் வகுப்பில் ஜன்னல் ஓரம் இரண்டாவது பெஞ்சில் என்னிடம் கொடுங்கள். பார்த்து எழுதிக்கொண்டு நோட்டை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி,
சுவர் இதழ்ப் பொறுப்பாளர்